பத்து வருஷம் சேர்த்த மைல்ஸ் பத்தவில்லை

எடிசன்வாசி

வயிற்றெரிச்சலைக் கொட்ட வேறு இடம் இல்லை, அதனால் இங்கே. 2014-ல் நியூஜெர்சி வந்ததிலிருந்து ஒரே ஏர்லைன்ஸ், அவர்களுடைய ஒரே கிரெடிட் கார்டு. பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இப்போது அதே மாதிரிதான். ஆபீஸ் வேலையாக வருஷத்துக்கு மூன்று முறை பறப்பேன், பால் வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் அந்தக் கார்டைத்தான் நீட்டுவேன், காசுக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கிற மைல்ஸ் என்ற பாயிண்ட் சேரட்டும் என்று. குறிக்கோள் ஒன்றே ஒன்று. அப்பா அம்மாவை ஒரு தடவையாவது சென்னையிலிருந்து பிசினஸ் கிளாஸில், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வர வைக்க வேண்டும். அப்பாவுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மடக்கி உட்கார முடியாது.

நான் சேர்க்க ஆரம்பித்தபோது ஒரு ஆளுக்கு ஒரு வழி 80,000 மைல்ஸ் என்று அட்டவணையே போட்டிருந்தார்கள். அதைப் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்). இப்போது என் கணக்கில் 1,65,000 இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆசையாக உட்கார்ந்து தேதி போட்டுப் பார்த்தால் ஒரு ஆளுக்கு 1,48,000 என்று காட்டுகிறது. காபி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தால் 1,55,000. இரண்டு பேருக்கு மூன்று லட்சத்துக்கும் மேல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "இதுக்காகத்தானே ஒவ்வொரு தடவையும் டைரக்ட் ஃப்ளைட்டை விட்டுட்டு சிகாகோ சுத்திப் போனீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஏதாவது வழி இருக்கிறதா?

கேஷ்பேக்_கட்சி

வழி இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால்.

ஜன்னலோரம்

மேலே உள்ளவரை விடுங்கள், எல்லா இழையிலும் வந்து இதையேதான் சொல்வார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டம் ஆரம்பித்தது 1981 மே மாதம், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஆட்வான்டேஜ் திட்டத்தோடு. யுனைடெட் சில நாட்களிலேயே பின்னால் வந்துவிட்டது. அப்போதைய கணக்கு வெள்ளந்தியானது. எவ்வளவு தூரம் பறந்தாயோ அவ்வளவு மைல், காலியாகப் போகிற சீட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடுப்போம். காலி சீட்டுக்கு அவர்களுக்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுத் தட்டும் கொஞ்சம் எரிபொருளும்தான்.

இப்போது பெயர் மட்டும்தான் மைல். டெல்டா 2015 ஜனவரியிலும், யுனைடெட் அதே வருஷம் மார்ச்சிலும், அமெரிக்கன் 2016 ஆகஸ்டிலும் தூரத்தை விட்டுவிட்டு டிக்கெட்டுக்குக் கொடுத்த டாலருக்கு இத்தனை என்று மாறிவிட்டன. சேர்க்கிற பக்கம் அப்படி. செலவழிக்கிற பக்கம் அதைவிட மோசம். டெல்டா 2015 பிப்ரவரியில் அட்டவணையையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. யுனைடெட் 2019 நவம்பரில். அமெரிக்கன் 2023-ல். இந்தச் சீட்டுக்கு எத்தனை மைல்ஸ் என்பதை அன்றன்றைக்கு அவர்கள் கம்ப்யூட்டர்தான் சொல்லும். நீங்கள் காபி போடப் போன நேரத்தில் 7,000 ஏறியது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டெல்டா 2011-லும் யுனைடெட் 2019-லும் "உங்கள் மைல்ஸுக்கு இனிமேல் காலாவதியே கிடையாது" என்று அறிவித்தன. எல்லோரும் கை தட்டினோம். மைல் அப்படியேதான் இருக்கிறது, அதற்குக் கிடைக்கிற சீட்டுதான் தள்ளித் தள்ளிப் போகிறது. கல்யாணச் சத்திரத்து டோக்கனைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், பந்தி நடக்கிற இடம் மட்டும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

எடிசன்வாசி

ஆனால் ஏன்? என்னை மாதிரி விசுவாசமான கஸ்டமரை விரட்டி அவர்களுக்கு என்ன லாபம்?

ஜன்னலோரம்

நீங்கள் கஸ்டமர் என்று யார் சொன்னது? பாங்க்தான் கஸ்டமர்.

ஏர்லைன்ஸ் மைல்ஸை உங்களுக்குச் சும்மா தருவதில்லை. கார்டு கொடுக்கிற பாங்குக்கு விற்கிறது. நீங்கள் பால் வாங்கியபோது கடைக்காரர் கட்டிய கட்டணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து பாங்க் மைல்ஸ் வாங்கி உங்கள் கணக்கில் போடுகிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு 2024-ல் வந்தது 700 கோடி டாலருக்கும் மேல். இதற்கு ஒரு விமானம்கூடக் கிளம்ப வேண்டியதில்லை.

இது வெட்ட வெளிச்சமானது கொரோனா சமயத்தில். 2020-ல் விமானங்கள் எல்லாம் பாலைவனத்தில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அப்போது அந்தத் திட்டத்துக்கு அவர்களே காட்டிய மதிப்பு ஏறக்குறைய 2,190 கோடி டாலர். பங்குச் சந்தையில் யுனைடெட் கம்பெனி முழுவதற்கும், விமானம் ஊழியர் ரூட் எல்லாம் சேர்த்து, அப்போது அதில் பாதி அளவுதான் விலை. அதாவது பறக்கிற தொழிலுக்குச் சந்தை போட்ட விலை பூஜ்யத்துக்கும் கீழே! டெல்டா ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி டாலர் திரட்டியது, அமெரிக்கன் 2021-ல் ஆட்வான்டேஜை வைத்து 1,000 கோடி. நகைக்கடையில் வளையலை வைக்கிற மாதிரி உங்கள் மைல்ஸ் திட்டத்தை வைத்திருக்கிறார்கள்.

நோட்டு அடிக்கிறவனும் அவனே, அந்த நோட்டு செல்லுகிற ஒரே கடையும் அவனுடையதே. விலையை ஏற்றினால் யார் கேட்பது? கணக்குப் புத்தகத்தில் உங்கள் 1,65,000 மைல்ஸ் அவர்கள் உங்களுக்குத் தீர்க்க வேண்டிய பாக்கி. சீட்டு விலையை ஏற்றினால் அந்தப் பாக்கி தானாகவே இளைத்துவிடும்.

பல்லாவரம்_பையன்

கேஸ் போட முடியாதா ப்ரோ? நுகர்வோர் கோர்ட் மாதிரி அங்கே எதுவும் இல்லையா?

ஜன்னலோரம்

போட்டுப் பார்த்துவிட்டார்கள். மினசோட்டாவில் ஒரு யூத மத குரு, நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் மேல்தட்டு உறுப்பினர். அடிக்கடி புகார் கொடுக்கிறார் என்று சொல்லி 2008-ல் திட்டத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ஏர்லைன்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். ஒப்பந்தத்தில் எழுதாத 'நல்லெண்ணக் கடமை'யைச் சொல்லி இந்த மாதிரி வழக்கில் ஜெயிக்க முடியாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதோ, எதையும் எப்போதும் மாற்றுவோம் என்பதுதான்.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய கம்பெனிகளிடம் (அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட்) இந்த மதிப்புக் குறைப்பு பற்றி விவரம் கேட்டது. ஆனால் அதை வைத்து உங்கள் 80,000 திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம்.

தெம்பனிஸ்காரி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையருக்கு இன்னும் அட்டவணை இருக்கிறது, அந்த வகையில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். விலை ஏற்றினாலும் தேதி சொல்லிவிட்டு ஏற்றுகிறார்கள், 2022 ஜூலையில் ஏற்றினார்கள், 2025 நவம்பரில் மறுபடியும். ஆனால் மைல்ஸுக்கு மூன்று வருஷம்தான் ஆயுசு. அது ஒரு விதத்தில் நல்லது என்றுகூடச் சொல்வேன். பத்து வருஷம் அடைகாக்கவே முடியாது, தேதி நெருங்கும்போது எங்கேயாவது போயே ஆக வேண்டும். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் பாதிப் பேச்சு எந்தக் கார்டு எந்தச் செலவுக்கு ஒரு டாலருக்கு நாலு மைல் தருகிறது என்பதுதான்.

என் கூத்து வேறு. என் ஊர் திருச்சிப் பக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குப் போகிறது, திருச்சிக்குப் போவது அதன் தங்கச்சி ஸ்கூட்தான். அதிலும் மைல்ஸ் கொடுக்கலாம், ஆனால் கணக்குப் பார்த்தால் மனசு வராது. கடைசியில் மைல்ஸில் ஜப்பான் போனேன், அம்மா வீட்டுக்குக் காசு கொடுத்துப் போகிறேன். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் சேவர் என்கிற குறைந்த மைல்ஸ் சீட்டு குதிரைக்கொம்பு, அது தனிக் கதை.

கேஷ்பேக்_கட்சி

சரி, நக்கல் போதும், கணக்கு போடுவோம். எடிசன்வாசி, அந்த 1,65,000-ல் பறந்து சேர்த்தது எவ்வளவு, கார்டில் சேர்த்தது எவ்வளவு?

எடிசன்வாசி

பறந்து வந்தது சுமார் 45,000. மீதி 1,20,000 கார்டு. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் டாலர் செலவு, டாலருக்கு ஒரு மைல். கார்டுக்கு வருஷக் கட்டணம் 95 டாலர்.

கேஷ்பேக்_கட்சி

ஆக பத்து வருஷத்தில் 1,20,000 டாலர் தேய்த்திருக்கிறீர்கள். கட்டணமே இல்லாத இரண்டு சதவீத கேஷ்பேக் கார்டில் தேய்த்திருந்தால் கையில் 2,400 டாலர். நீங்கள் கட்டிய கட்டணம் 950. இரண்டும் சேர்த்தால் 3,350. அந்தக் காசை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எந்தத் தேதியிலும் எந்தக் கம்பெனியிலும் சீட்டு வாங்கியிருக்கலாம், சிகாகோ சுற்றியிருக்க வேண்டாம். டாலரும் தேயும்தான், விலைவாசி ஏறுகிறது. ஆனால் ஒரே ராத்திரியில் பாதியாகாது.

ஜன்னலோரம்

இதில் நான் உங்கள் கட்சி. ஆனால் பாதிதான். கார்டு சேரும்போது கொடுக்கிற போனஸை எடுத்துக்கொண்டு, பாயிண்டை பாங்கிலேயே வைத்திருந்து, சீட்டு கண்ணில் பட்ட பிறகு மட்டும் ஏர்லைன்ஸுக்கு மாற்றுகிறவர்களுக்கு இன்றும் நல்ல பலன் இருக்கிறது. ஒரே ஏர்லைன்ஸ் மைலாகக் குவித்து வைத்ததுதான் எடிசன்வாசி செய்த தப்பு. முட்டையை ஒரே கூடையில் வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, கூடையே கடைக்காரருடையது.

பழைய_பாவி

நாங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். அமெரிக்க நாணயச்சாலை 2008-லிருந்து ஒரு டாலர் நாணயத்தை ஒரு டாலருக்கே, தபால் செலவுகூட வாங்காமல் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மக்கள் புழங்கட்டும் என்று நல்ல எண்ணத்தில். நம் ஆட்கள் கார்டில் ஆயிரம் ஆயிரமாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலேயே பாங்குக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டி, அந்தப் பணத்தாலேயே கார்டு பில்லை அடைத்தார்கள். செலவு பூஜ்யம், மைல்ஸ் மட்டும் மிச்சம். 2011 ஜூலையில் கார்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் 1999-ல் கலிஃபோர்னியாவில் ஒரு இன்ஜினியர், பார்கோடு வெட்டி அனுப்பினால் மைல்ஸ் என்ற சலுகையைப் பார்த்துவிட்டு 12,150 புட்டிங் கப் வாங்கினார். வெட்டி மாளவில்லை. புட்டிங்கை ஒரு தொண்டு நிறுவனத்துக்கே தானம் செய்து அவர்களை விட்டே பார்கோடு உரிக்க வைத்தார். சுமார் 3,000 டாலர் செலவில் பன்னிரண்டு லட்சம் மைலுக்கும் மேல். தானத்துக்கு வரிவிலக்கு வேறு!

கேஷ்பேக்_கட்சி

அந்த மனுஷனுக்கு ஒரு சிலை வைக்கலாம். இருந்தாலும் அது 1999.

பல்லாவரம்_பையன்

இந்தியாவிலும் இதே சினிமா ஓடி முடிந்துவிட்டது. ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 பாயிண்ட் கூடுதலாகக் கொடுத்தார்கள். எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் ஓட்டலில் பில் வந்தால் நான் கட்டுகிறேன் நான் கட்டுகிறேன் என்று கார்டை நீட்டுவார்கள், நட்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து அது நின்றது. பில் வந்தால் இப்போது எல்லோருக்கும் போன் வருகிறது.

ஏர்லைன்ஸே மூடிப்போனதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் 2019 ஏப்ரல் 17-ல் கடைசி விமானத்தை ஓட்டியது. ஆனால் அதன் மைல்ஸ் திட்டமான ஜெட் பிரிவிலேஜ் தனிக் கம்பெனி, அபுதாபி ஏர்லைன்ஸான எதிஹாட்டின் பங்கு அதில் பெரிது என்பதால் அது மட்டும் தப்பித்து இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விமானமே இல்லாத மைல்ஸ்! விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தது, பாயிண்டும் அங்கே போயிற்று. இத்தனைக்கும் நாட்டிலேயே பெரிய ஏர்லைன்ஸான இண்டிகோ, கார்டு வழிச் சலுகை தவிர முறையான திட்டம் எதுவும் இல்லாமலேயே வளர்ந்து 2024-ல்தான் ப்ளூசிப் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் யாரும் அதில் ஏறாமலா இருந்தார்கள்?

லண்டன்_தம்பி

அண்ணை, இங்கையும் அதே கதைதான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் இருந்து சில்வர், கோல்டு என்கிற உறுப்பினர் தகுதியைச் செலவழிக்கும் காசுக்கு மாற்றிவிட்டது. கோல்டு வேணுமென்றால் வருஷத்துக்கு 20,000 பாயிண்ட், அநேகமாக ஒரு பவுண்டுக்கு ஒன்று. சொந்தக் காசில் வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போற ஆட்களுக்கு அது கனவுதான். நான் அவர்களின்ர மைல்ஸான ஏவியோஸைக் கைவிடவில்லை, ஸ்ரீலங்கன் அதே வன்வேர்ல்ட் கூட்டணியில் இருப்பதால் கொழும்புக்குப் பாவிக்கலாம். ஆனால் 'இலவச' டிக்கெட் என்று சொல்லிப்போட்டு வரியும் கட்டணமுமாக எவ்வளவு கேட்கிறார்கள் என்று முதல் பார்த்துவிட்டுக் கதையுங்கோ.

ஜன்னலோரம்

தம்பி சொன்னது முக்கியம். எடிசன்வாசி, ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காசு விலையிலிருந்து வரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மைல்ஸால் வகுத்துப் பாருங்கள். பிசினஸுக்கும் எகானமிக்கும் தனித்தனியாக. இன்னொன்று, இரண்டு பேர் என்று போட்டுத் தேடாதீர்கள், ஒரு ஆள் என்று போட்டுத் தேடுங்கள். விலை குறைந்த சீட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தால், இரண்டு பேர் என்று கேட்கும்போது இரண்டுக்குமே மேல் விலையைக் காட்டிவிடும். சென்னையோடு டில்லி, மும்பையும் பாருங்கள்.

எடிசன்வாசி

பார்த்தேன்.

எகானமி ஒரு ஆளுக்கு 52,000 மைல்ஸ், 60 டாலர் வரி. காசில் 640. அதாவது ஒரு மைலுக்கு 1.1 செண்ட். பிசினஸ் 1,55,000 மைல்ஸ், 100 டாலர் வரி, காசில் 2,900. மைலுக்கு 1.8 செண்ட். அப்படியானால் பிசினஸில் போடுவதுதான் லாபம் இல்லையா?

ஜன்னலோரம்

எல்லோரும் விழுகிற குழி அதுதான். 2,900 டாலர் கொடுத்து அந்தச் சீட்டை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் அந்த 1.8 வெறும் காகிதக் கணக்கு. முட்டி வலிக்காமல் அப்பா வருவதற்கு நீங்கள் மனதார எவ்வளவு கொடுப்பீர்களோ, ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ, அதை அந்த 2,900-க்குப் பதிலாகப் போட்டு வகுங்கள்.

எடிசன்வாசி

வகுத்தேன், ஒரு செண்டுக்கும் கீழே வந்தது.

ஆனால் ஒரு ஆள் என்று தேடியதில் டில்லியிலிருந்து ஒரே ஒரு பிசினஸ் சீட்டு 88,000-க்குக் கிடைத்தது! அப்பாவுக்கு அது, அம்மாவுக்கு அதே விமானத்தில் எகானமி 52,000, மொத்தம் 1,40,000. குதித்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு முன்னாடி படுத்துட்டு வந்தா, ராத்திரி மாத்திரையை யாருடா எடுத்துக் குடுப்பா? அவருக்கு எது பிரஷர் எது சுகர்னே தெரியாது" என்றார். அப்பா பின்னாலிருந்து, "எனக்கு எல்லாம் தெரியும்" என்று கத்துகிறார். பதினைந்து நிமிஷம் இதிலேயே போயிற்று. நான் யோசித்து முடிப்பதற்குள் அந்தச் சீட்டும் போய்விட்டது.

தெம்பனிஸ்காரி

அம்மா சொன்னது சரிதானே. மாத்திரை டப்பாவை எந்த ஏர் ஹோஸ்டஸ் பார்த்துக்கொள்வார்?

எடிசன்வாசி

இறுதி நிலவரம். சென்னையிலிருந்து எகானமி இரண்டு, 1,04,000 மைல்ஸ் போட்டு எடுத்தாயிற்று. கால் நீட்ட இடமுள்ள முன்வரிசை சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டினேன், அப்பாவுக்கு நடைவழிப் பக்கம். இடையில் இறங்குகிற ஊரில் நான்கு மணி நேரம் ஓய்வு இருக்கிற மாதிரி ரூட் பார்த்தேன், நடந்து காலை உதறிக்கொள்ளட்டும். மிச்சம் 61,000 இருக்கிறது. கார்டை ரத்து செய்யப் போன் போட்டால், இந்த வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், போகாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். ஒரு வருஷம் விட்டுப் பிடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

நேற்று சும்மா அதே தேதியைப் போட்டுப் பார்த்தேன். அந்த 52,000 இப்போது 57,500.

ஃப்ரிட்ஜ் காகிதத்தை மனைவி எடுக்க விடவில்லை. இருக்கட்டும் என்கிறாள்.

கேஷ்பேக்_கட்சி

மிச்ச 61,000-த்தை முதலில் செலவழியுங்கள், அதை மறுபடி அடைகாக்க வேண்டாம். அது இருக்கட்டும், வீல்சேர் சொல்லிவிட்டீர்களா? இடையில் மாறுகிற ஏர்போர்ட்டில் கேட் எங்கேயோ இருக்கும், இரண்டு பேருக்குமே கேளுங்கள். அம்மாவைத் தனியாக நடக்க விட்டுவிடுவார்கள்.

எடிசன்வாசி

இரண்டு பேருக்கும் போட்டாயிற்று. எனக்கு எதற்குடா வீல்சேர் என்று அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.